தம்பி பெயரில் எட்டு ஓவர்

யூஜினுக்கு நாற்பத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது பிரான்ஸ் நாட்டுக்கு அவர் தேவைப்பட்டார். அதற்கு முன்னால் எந்த நாட்டுக்கும் எந்த மாநிலத்துக்கும் அவர் தேவைப்பட்டதில்லை. சொந்த ஊருக்குத் தேவைப்பட்டுக்கொண்டிருந்தார். அதுவும் சரியாக ஒன்பது நாளுக்கு முன்புதான் நின்றிருந்தது.

முதலியார்பேட்டை மில் ஒன்றில், வைண்டிங் பிரிவில் வேலை. ஓடுகிற நூல் அறுந்தால் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் முடிச்சாவது விழும். இருபது வருடம் முடிச்சுப் போட்ட கைக்கு வேறெந்த நன்மை வந்ததோ இல்லையோ, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் ஒரு பலம் வந்திருந்தது. அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கிரிக்கெட் பந்தை வைத்து அவர் திருகி விட்டால், உப்பளம் மைதானத்தில் ஆடுகளத்தின் மேல் விரித்த கயிற்றுப் பாயில் விழுந்த பந்து, ஏதோ மறந்துவிட்டு வந்ததைப்போல, சட்டென்று உள்ளே திரும்பும். எழுபதுகளில் புதுச்சேரியில் மட்டை பிடித்தவர்கள் யாரும் அந்தத் திருப்பத்துக்குத் தப்பியதில்லை.

ஆனால் புதுச்சேரியைத் தாண்டிப் போக அதற்கு வழி இல்லை. கடலூர்க்காரர்கள் மாவட்ட அணிக்குக் கூப்பிட்டுவிட்டு, நீ பாண்டியாச்சே என்று திருப்பி அனுப்பினார்கள். பாண்டிக்கென்று பெரிய போட்டிகளில் ஆட அணி கிடையாது. எழுபத்து நான்கில் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மெட்ராசுக்குத் தேர்வுக்குப் போனார். நன்றாக வீசினார். இங்கேயே குடிவந்து இரண்டு வருடம் லீக் ஆடினால் பார்க்கலாம் என்றார்கள். மில்லில் அதற்கு விடுப்பு விதி இல்லை.

இந்தக் கதையில் இன்னொரு நாட்டின் விதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போனபோது, ஊர் மக்களுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவின் கையெழுத்தே போதும். அதற்கு மேலே இருந்தால் தானே நேரில் போக வேண்டும். யூஜினின் அப்பா பிரெஞ்சு போலீசில் இருந்து பென்ஷன் வாங்கியவர். முதல் வாரமே போய் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கையெழுத்திலேயே பதினான்கு வயதுத் தம்பி சூசைநாதனும் பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டான். பத்தொன்பது வயது யூஜின் தானாகப் போக வேண்டியிருந்தது. போகிறேன், போகிறேன் என்று ஐந்து மாதம் இருபத்தேழு நாள் சொன்னார்.

கடைசி நாள், அறுபத்து மூன்று பிப்ரவரி. அன்றைக்குக் கடலூரில் ஒரு கோப்பை ஆட்டம். மதியம் முடிந்துவிடும், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் அலுவலகம் மூடுவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போனார். பந்து அன்று கையை விட்டுப் போகவே மனமில்லாததுபோல் நின்று நின்று திரும்பியது. இருபத்து மூன்று ரன்னுக்கு ஏழு விக்கெட். கேப்டன் அவரை விடவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று கொஞ்சம் மோசமாகப் பந்து வீசியிருந்தால் அவர் பிரெஞ்சுக்காரராகியிருப்பார்.

அப்பா எட்டு வருடம் கழித்துச் செத்துப்போகும்வரை அந்த ஏழு விக்கெட்டைப் பற்றிப் பேசினார். பாராட்டி அல்ல. சூசைநாதன் பதினெட்டு முடிந்ததும் கப்பலேறி, பிரான்சில் துலூஸ் என்ற ஊரில் தபாலாபீசில் வேலைக்குச் சேர்ந்தான். யூஜின் மில்லுக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து வீசினார், அகஸ்டினாவைக் கட்டிக்கொண்டார்.

எண்பத்து ஐந்து ஜனவரியில் பாரீசிலிருந்து ஒரு பிரெஞ்சு கிரிக்கெட் அணி சுற்றுப்பயணம் வருவதாகவும், புதுச்சேரி அணியோடு உப்பளத்தில் நாற்பது ஓவர் ஆட்டம் ஒன்று ஆடப்போவதாகவும் செய்தி வந்தது. கிரிக்கெட் சங்கச் செயலாளர் இராமதாஸ், விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார். ‘மாபெரும் சர்வதேசக் கிரிக்கெட்’ என்று அதில் இருந்தது. ஒரு பக்கம் நாடு, மறுபக்கம் ஊர். ஆகையால் பாதி சர்வதேசம் என்று சொன்னால் தவறில்லை. பாதி கிடைத்தாலே போதும் என்றுதான் யூஜினும் இருந்தார். இருபத்திரண்டு வருடம் அந்த ஊர் அணிக்கு ஆடியவர் அவர்.

புதுச்சேரி அணிப் பட்டியல் சங்க அறைக் கதவில் ஒட்டப்பட்டது. பன்னிரண்டு பெயர். யூஜின் மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவர் பெயர் இல்லை.

“இளைஞர்களுக்கு வாய்ப்பு தரணும்னு கமிட்டி முடிவு பண்ணிருக்கு யூஜின்” என்றார் இராமதாஸ். வாய்ப்புப் பெற்ற இளைஞர்களில் ஒருவர் இராமதாசின் மச்சான். வயது முப்பத்து நான்கு.

யூஜின் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து வெள்ளைப் பேன்ட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். “மேல வைங்களேன்” என்றாள் அகஸ்டினா. “அடியிலயே இருக்கட்டும்” என்றார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் இராமதாஸ் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். அவர் இந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே சூசைநாதன், மூன்று வாரம் முன்பு துலூஸிலிருந்து லீவில் வந்தவன், பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி வந்துருக்கான்னு கேள்விப்பட்டேன்” என்றார் இராமதாஸ்.

“ஆமா சார். மூணு வாரம் ஆச்சி” என்றார் யூஜின்.

“பிரெஞ்சு பாஸ்போர்ட்டுதான?”

“ஆமா. ஆனா அவனுக்கு பேட்ட எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது சார்.”

“அவன யாரு கேட்டா? பாஸ்போர்ட்டக் கேட்டேன்.”

விஷயம் இதுதான். பன்னிரண்டு பேராக வந்த பிரெஞ்சு அணியில் இரண்டு பேர் முந்தின நாள் சாப்பிட்ட இறாலோடு இன்னும் போராடிக்கொண்டிருந்தார்கள். மீதி பத்து. பதினோராவது ஆள் இந்த ஊரிலேயே கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும், அது அவர்கள் சங்க விதி. அந்த அணியிலேயே பிறப்பால் பிரெஞ்சுக்காரர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் பாரீசில் வேலை பார்க்கும் ஆங்கிலேயர்களும் ஒரு மேற்கிந்தியத் தீவுக்காரரும். ஆனால் எல்லோரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. புதுச்சேரியிலும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு நாலு சொல்தா இருப்பார்கள், பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள். அத்தனை பேரும் சாயங்காலமானால் இரும்பு உருண்டை உருட்டி விளையாடுகிறவர்கள். அந்த உருண்டையை மூன்று ஸ்டம்புக்கு நேராக வீசச் சொல்வது ஆபத்து.

“மூஞ்சி ரெண்டு பேருக்கும் ஒரே அச்சி. நாளைக்கி ஒரு நாளு, நீ சூசைநாதன். அவ்ளோதான்” என்றார் இராமதாஸ்.

“நம்ம ஊரு டீமுக்கு வயசாயிடுச்சி. பிரான்சு டீமுக்கு ஆவலயா?” என்று அகஸ்டினா அடுப்படியிலிருந்து கேட்டாள். கேள்வி குழம்புச் சட்டியைப் பார்த்துக் கேட்கப்பட்டதால் இராமதாஸ் பதில் சொல்லாமல் தப்பினார். காலையில் எட்டு மணிக்குள் சொல்லி அனுப்பு என்றுவிட்டுப் போனார்.

சூசைநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். “பிரெஞ்சு கோன்சுலா ஆபீசுல தெரிஞ்சா என் பப்பியே, பாஸ்போர்ட்டு எல்லாம் போயிடும்ண்ணே. ரெண்டு புள்ளைங்க அங்க இருக்குது.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலயே.”

“நீ சொல்லல. ஒன் கை சொல்லுது.”

யூஜின் தன் வலது கையைப் பார்த்தார். இரண்டு விரல்களும் இல்லாத ஒரு பந்தைத் திருகிக்கொண்டிருந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அகஸ்டினா வெளியே வந்து தூணோரம் நின்றாள். “நீங்க போடற பாலெல்லாம் அவரு பேருலதான் எழுதுவாங்க. நாளைக்கி உங்க பேரு எங்க இருக்கும்?”

“இப்ப எங்க இருக்குது?” என்று கேட்டார் யூஜின்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். அகஸ்டினா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சூசைநாதன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தான். பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அண்ணன் பக்கத்தில், கையில் கொடுக்காமல், பாயின் மேல் வைத்தான்.

“நான் ஒண்ணும் சம்பாரிச்சது இல்ல இது. தூங்கிக்கிட்டு இருந்தேன், அப்பா போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. ஒரு நாளைக்கி நீ வச்சிக்கோ.”

மறுநாள் மைதானத்தில் பிரெஞ்சு அணியின் மேனேஜர், மர்த்தீன் என்ற ஒல்லியான மனிதர், பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். புகைப்படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் புகைப்படத்தைப் பார்த்தார்.

“போட்டோவில் இன்னும் இளமையாக இருக்கிறீர்களே” என்றார் பிரெஞ்சில்.

“மூன்று வாரமாக இந்த ஊர் வெயில், மொசியே” என்றார் யூஜின். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, இத்தனை வருடம் கழித்து ஒரு பொய்க்காக எழுந்து வந்தது.

அவருக்கு ஒரு நீலத் தொப்பி கொடுத்தார்கள். முன்னால் சேவல் படம் பின்னப்பட்டிருந்தது.

ஸ்கோர் எழுதுகிறவர் பக்கிரி, மில்லில் டைம் ஆபீஸ்காரர். பதினேழு வருடமாக யூஜினின் ஒவ்வொரு ஓவரையும் எழுதியவர். மேசைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, “அண்ணே, நான் இன்னா எழுதட்டும்?” என்று கேட்டார்.

“பாஸ்போர்ட்ல இருக்கறத எழுது.”

“கை வராதுண்ணே.”

“வரும். எழுது.”

அன்று உப்பளம் மைதானத்தில் மூவாயிரம் பேராவது இருந்திருப்பார்கள். அவர் யூஜின் என்பது தெரியாதவர்கள் அவர்களில் பதினோரு பேர்தான். பத்துப் பேரோடு சேர்ந்துதான் அவர் ஆடினார். பதினோராவது ஆளான மர்த்தீன், கூடாரத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது. புதுச்சேரியில் இதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

பிரெஞ்சு அணி முதலில் ஆடி நூற்று நாற்பத்தெட்டு ரன் எடுத்தது. கடைசியாக இறங்கிய யூஜின் இரண்டு ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். பிறகு புதுச்சேரி ஆடியது. மில் அணியில் அவரோடு ஆடும் காத்தவராயன் முதல் ஆளாக வந்து, பிரெஞ்சு அணியின் வேகப்பந்துக்காரர்களை இரக்கமில்லாமல் அடித்தான். ஒரு விக்கெட்டுக்கு எழுபது. பதினைந்தாவது ஓவரில் பந்து யூஜினிடம் வந்தது.

“இன்னாண்ணே, வெள்ளக்காரன் ஆயிட்ட?” என்றான் காத்தவராயன், மட்டையைத் தரையில் தட்டியபடி.

“பால பாரு.”

“சூசைநாதன் பால எப்பிடிண்ணே பாக்கறது? அவரு போட்டு நான் பாத்ததே இல்லியே!”

பக்கத்தில் நின்ற விக்கெட் கீப்பர், இரண்டு பேரும் ஏதோ அன்பாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் புன்னகை செய்தார்.

முதல் நாலு பந்தையும் காத்தவராயன் காலை நீட்டித் தடுத்தான். ஐந்தாவதை யூஜின் கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் மெதுவாக விட்டார். காத்தவராயன் இறங்கி வந்தான். பந்து வரவேண்டிய இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்து, கயிற்றுப் பாயில் விழுந்து, உள்ளே புகுந்து, நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

“யூஜின்!” என்று கிழக்கு மூலையில் ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். காப்பாற்றப்பட்ட ரகசியம் மூவாயிரம் வாயால் வெளியே வந்தது. யூஜின்! யூஜின்!

எல்லைக் கயிற்றோரம் நின்றிருந்த சூசைநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

தாக சாந்தி இடைவேளையில் பிரெஞ்சு அணியின் கேப்டன் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு இராமதாசிடம் வந்தார். பெயர் பிரெஞ்சுப் பெயராயிற்றே, காதில் விழாமல் போகுமா? யார் அந்த யூஜின் என்று கேட்டார். இராமதாஸ் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், ஒரு மிடறு சோடா.

“புனிதர்” என்றார். “எங்க ஊர்க் கிறித்தவங்க, நல்லது நடந்தா புனித யூஜினைக் கூப்புடுவாங்க. இந்துக்களும் கூப்புடுவாங்க. இங்க அப்பிடித்தான்.”

கேப்டன் தலையசைத்தார். மரியாதையாகவே தலையசைத்தார். கூடாரத்துக்குத் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு யூஜின் வீசிய முதல் பந்து மட்டையின் ஓரத்தைத் தொட்டு, சிலிப்பில் நின்ற மேற்கிந்தியத் தீவுக்காரரின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் பந்தை வானத்தில் எறிந்து, “யூஜின்!” என்று கூவினார். கீப்பர் கூவினார். கவரில் நின்ற பாரீஸ் பள்ளிக்கூட வாத்தியார் கூவினார். பத்துப் பேரும் நாலு பக்கத்திலிருந்தும் ஓடி வந்து, அவர் தோளில் தட்டி, ஊர்ப் புனிதரை அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

யூஜின் நடு மைதானத்தில் நின்றார். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றி, வியர்வை துடைக்கிற மாதிரி, முகத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். சேவல் படம் நெற்றியில் உறுத்தியது. கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அகஸ்டினா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு ஓவர். இருபத்தொன்பது ரன். ஐந்து விக்கெட். ஒருவருக்கு எட்டு ஓவருக்கு மேல் கிடையாது. கடைசிப் பந்தை வீசிவிட்டு அவர் தேர்ட் மேன் எல்லைக்குப் போய் நின்றபோது, புதுச்சேரி எட்டு விக்கெட்டுக்கு நூற்று முப்பது. பிறகு மற்றவர்கள் வீசினார்கள். ரன் ஒவ்வொன்றாகக் கழிந்தது. நாற்பதாவது ஓவரின் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டது. மட்டையோடு நின்றது இராமதாசின் மச்சான், வாய்ப்புப் பெற்ற அந்த இளைஞர்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசியதுபோல் இருந்தது. பந்து ஓரத்தில் பட்டு தேர்ட் மேன் பக்கம் போனது. யூஜின் ஓடி வந்து சுத்தமாக எடுத்தார். ஒரு ரன் முடிந்து இரண்டாவதுக்குத் திரும்பியிருந்தார்கள். யூஜின் எறிந்தார். தோளில் எதுவோ விட்டுப்போன சத்தம் அவருக்கே கேட்டது. பந்து மூன்று முறை தரையில் குதித்து, நான்காவது முறை உருண்டு, கீப்பரிடம் வந்து சேர்ந்தபோது மச்சான் கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தார்.

புதுச்சேரி ஜெயித்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பாதிப் பேர் மச்சானைத் தூக்கினார்கள். மீதிப் பேர் தேர்ட் மேனை நோக்கி ஓடி வந்தார்கள்.

“தெய்வம்ண்ணே நீ!” என்று காத்தவராயன் அவரைக் கட்டிப் பிடித்தான். “ஊருக்காக விட்டுக் குடுத்த பாரு!”

“விட்டுக் குடுக்கல. எறிஞ்சேன்.”

“நாங்க வெளிய சொல்லமாட்டோம்ண்ணே.”

“டேய், நெசமாவே எறிஞ்சேன்டா. கை வரல.”

காத்தவராயன் கண்ணடித்தான். சுற்றி நின்றவர்களும் கண்ணடித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை டீக்கடையாக அந்தச் செய்தி பரவிவிட்டது. வெள்ளைக்காரன் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊருக்கு ஜெயம் வாங்கிக் கொடுத்தவர் யூஜின். அவர் செய்யாத ஒன்றை ஊர் அவர் பெயரில் எழுதிக்கொண்டது. அவர் செய்ததை எழுதியிருந்த ஒரே புத்தகத்தில் சூசைநாதன் என்று இருந்தது. பக்கிரியின் கை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு மர்த்தீன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீங்கள் துலூஸில் இருந்துகொண்டு இத்தனை வருடம் எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே. ஜூலையில் ஹாலந்து, டென்மார்க் அணிகளோடு போட்டி இருக்கிறது. நீங்கள் வர வேண்டும். தொப்பியை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது.”

யூஜின் அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. நான் சூசைநாதன் இல்லை, மொசியே. கத்தினார்களே, அதுதான் என் பெயர். நான் புனிதர் இல்லை, முதலியார்பேட்டை மில்லில் முடிச்சுப் போடுகிறவன். இவ்வளவுக்கும் வேண்டிய பிரெஞ்சு அவரிடம் இருந்தது. வாயில் வரிசையாக வந்து நின்றது.

மர்த்தீனின் தோளுக்கு அப்பால், கயிற்றோரத்தில், சூசைநாதன் தெரிந்தான். திரும்ப வாங்கிய பாஸ்போர்ட் இருந்த சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான், நெஞ்சு வலிக்காரனைப் போல. அவனுக்குப் பேச்சுக் கேட்கவில்லை. அண்ணன் வாய் திறப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மெர்சி, மொசியே” என்றார் யூஜின்.

தம்பி துலூஸுக்குக் கிளம்புமுன் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சூசைநாதன் எழுதினான், யூஜின் சொன்னார். தோள்பட்டை போய்விட்டது, டாக்டர் இனி வீசக் கூடாது என்கிறார், ஆகவே ஓய்வு பெறுகிறேன். தோள் விஷயம் பொய்யில்லை. மூன்று வாரமாக அவர் இடது கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருடைய தோள் என்பது மட்டும் கடிதத்தில் இடம் மாறியிருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தே தபாலில் போடு என்றார்.

“தொப்பி?” என்றான் சூசைநாதன்.

“நீ எடுத்துட்டுப் போ. போட்டோ கீட்டோ எடுக்கணும்னு வந்தா இன்னா காட்டுவ?”

தம்பியின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில், சேவல் நசுங்காமல், அகஸ்டினாவே தொப்பியை வைத்துக் கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில் துலூஸிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே பிரெஞ்சுச் சங்கத்தின் பதிலும், தம்பியின் துண்டுச் சீட்டும் இருந்தன. யூஜின் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தார். புரியாத இடங்களை இரண்டு முறை படித்தார். அகஸ்டினா காத்திருந்தாள்.

“இன்னா எழுதிருக்காங்க?”

“வருத்தமா இருக்குதாம். தோளு நல்லபடியா ஆறணுமாம். ஒரே ஆட்டம்னாலும் அவங்க புஸ்தகத்துல ஏறியிருக்காம். எட்டு ஓவர், அஞ்சு விக்கெட்டு.” நிறுத்தினார். “கடைசியா ஒண்ணு கேட்டுருக்காங்க.”

“இன்னா?”

“உங்க குடும்பத்துல வேற யாராவது ஆடறவங்க இருக்காங்களான்னு.”

அகஸ்டினா அவர் முகத்தைப் பார்த்தாள். தம்பியின் சீட்டில் இரண்டே வரி. ‘அண்ணே, இதுக்கு இல்லன்னு எழுதிடட்டுமா? நீ சொல்றபடி செய்றேன்.’

யூஜின் அதற்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் தபாலாபீசுக்குப் போய் வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்று வாங்கி வந்தார். பாரீஸ் விலாசத்தைச் சங்கக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்து எழுதினார். வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனது.

‘ஐயா, திரு. சூசைநாதனுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் யூஜின். புதுச்சேரியில் இருக்கிறேன். ஆஃப் ஸ்பின் வீசுவேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடையாது, ஆகவே உங்கள் அணிக்கு நான் பயன்பட மாட்டேன். கேட்டதற்கு நன்றி.’

எழுதியதைத் தமிழில் அகஸ்டினாவுக்குச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

“வயசு எழுதலயே” என்றாள்.

“அவங்க கேக்கலயே.”

“எழுதுங்க. பொறவு எதையோ மறைச்சிட்டாங்கன்னு சொல்லப் போறாங்க.”

யூஜின் வயதையும் எழுதி, மடித்து, ஓரத்தை நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார். பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். மை காயும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.